கருவாடாகிப் போன பொன்வண்டு

வலைத் தட்டியில் காயப் பரப்பியிருந்த நெத்தலிகளுக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் என் மனைவி யோகா. பின்னேரம். வறண்ட கச்சான் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. மகள் வேணுஜா தட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

“இஞ்ச வச்ச வண்டு எங்கம்மா?” என்றாள்.

“இதிலதான் கா வச்சன். இந்தக் கம்புக்குக் கிட்ட.”

யோகா எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். யாரோ புளியங்கொட்டை ஒன்றைத் தட்டியில் போட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். புளியங்கொட்டைக்கு ஆறு கால்கள் இருந்தன.

வேணுஜா அதை வாங்கிப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள்.

“இது என்ட வண்டு இல்ல,” என்றாள்.

அவளுடைய வண்டுதான் அது. காலையில் தட்டியில் வைத்தபோது பொன் நிறமாக இருந்தது. பின்னேரம் எடுத்தபோது மண் நிறம். நடுவில் வெயிலைத் தவிர வேறு யாரும் அதைத் தொடவில்லை.

பிள்ளைகளே, போன கிழமை தோணிக்குப் பெயர் எழுதிய கதையில், மிஞ்சிப்போன பொன் பெயின்ட் போத்தல் ஒன்று வந்தது நினைவிருக்கும். அந்தப் போத்தல் இந்தக் கதையிலும் வரும். ஆனால் முதலில் வண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வத்தாளை இலையில்

எங்கள் வீடு பனிச்சங்கேணியில், வாவிப் பக்கம். வளவின் பின்னால் கொஞ்சம் வத்தாளை நட்டிருந்தோம். சில ஊர்களில் சர்க்கரைவள்ளி என்பார்களே, அந்தக் கிழங்குதான். கடற்கரை மணலில் படரும் அடம்பன் கொடியும் அதன் இனம்தான். இரண்டின் பூவும் ஒன்று போலவே இருக்கும்.

அந்தக் கொடியின் இலைகளில் ஓட்டை ஓட்டையாக இருப்பதைப் பார்த்து, எந்தப் புழு தின்கிறது என்று தேடப் போனவள்தான் வேணுஜா. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

சுண்டுவிரல் நகம் அளவு. தட்டையான உருவம். ஓரமெல்லாம் கண்ணாடி போல, அடியில் இருக்கும் இலை தெரிகிறது. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டால் சின்ன ஆமை. நடு முதுகு முழுக்கப் பொன். மஞ்சள் என்று நான் சொல்லவில்லை. நகைக்கடைக் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு வைத்திருப்பார்களே, அந்தப் பொன். கையைச் சற்றுச் சரித்தால் ஓரத்தில் ஒரு பச்சை ஓடி மறையும்.

அப்போது ரஹீம் நானா வந்திருந்தார். ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து எங்களிடம் கருவாடு எடுக்கிறவர். என்னைவிட மூத்தவர். பகிடி இல்லாமல் ஒரு வசனம் பேச மாட்டார். அவரும் குனிந்து பார்த்தார்.

“அல்லாவே! யாரோ மாலையில இரிந்த பவுன் மணி கழண்டு விழுந்து, கால் முளைச்சு நடக்குது போல இரிக்கே.”

“இத ஸ்கூலுக்குக் கொண்டு போகப் போறன் மாமா,” என்றாள் வேணுஜா.

“கவனம் புள்ள. அடகு புடிக்கிறவன் கண்டா விட மாட்டான்.”

பெயர் கெட்ட பிள்ளை

வேணுஜா அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வரப்போகிறது. ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். அவள் போன உடனே வகுப்பில் சொல்லிவிட்டாள், தன்னிடம் உயிருள்ள பொன் இருக்கிறது என்று.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், பாலத்தடியில் முதலை தலை தூக்கியதைக் கண்டதாக அவள் வகுப்பில் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பார்த்தபோது அங்கே ஒரு மரக்கட்டைதான் மிதந்தது. முதலை, பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது. ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் ‘புளுகி’ என்று பெயர். வரவு இடாப்புக் கூப்பிடும்போதுகூட யாராவது பின்னாலிருந்து மெல்லச் சொல்வார்களாம்.

சதுர்ஷிகா என்று ஒரு பிள்ளை. நல்ல பிள்ளைதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் கடற்கரையில் பொறுக்கிய சங்குகளையும் சிப்பிகளையும் வைக்கப் போகிறாள். டீச்சர் மேசையின் நடு இடத்தை வேணுஜாவின் வண்டுக்கு என்று ஒதுக்கியபோது அவள் சொன்னாளாம்:

“கொண்டு வரட்டும், பாப்பம். கொண்டு வராட்டி அந்த இடத்தில என்ட சங்க வைப்பம் டீச்சர். புளுகிக்கு எதுக்கு நடு இடம்?”

இதைச் சொல்லும்போது வேணுஜா அழவில்லை. “அவள் கண்ணால கண்டா மறுகா சொல்ல மாட்டாள்,” என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பரிசு இல்லை. அந்தப் பெயர் போக வேண்டும்.

ஃபோனில் படம் பிடித்துக் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. வேறு பக்கமிருந்து பிடித்தால் மஞ்சள் பொட்டு. பிள்ளைகள் பார்த்துவிட்டு, “ஃபில்டர் போட்டிரிக்கா,” என்று சொன்னார்களாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படத்தை நம்புவதில்லை. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

எதுவானாலும் வெயிலுக்கு

வண்டை ஒரு ஜாம் போத்தலில், இலையும் போட்டு, மூடியில் துளையிட்டு வைத்திருந்தாள். கண்காட்சிக்கு முதல் நாள் காலையில் அது அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது. ஆனால் பொன் அப்படியே இருந்தது.

இனி அதைக் கெடாமல் வைக்க வேண்டும். எறும்பு மொய்க்கக் கூடாது, மணக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் இதற்கு யோசனையே தேவைப்படவில்லை. மீனை அப்படித்தான் வைக்கிறோம். இறாலை, மாங்காயை, பாகற்காயை, மோர்மிளகாயை எல்லாம் அப்படித்தான் வைக்கிறோம். கெடாமல் இருக்க வேண்டியது எதுவானாலும் உப்புப் பட்டு வெயிலுக்குப் போகும். வண்டுக்கு மட்டும் வேறு சட்டமா? யோகா ஒரு நுள்ளு உப்புத் தூவித் தட்டியில் வைத்தாள். வேணுஜா காகம் தூக்காமல் மேலே ஒரு துண்டு வலையும் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது என் அக்காவிடம் பெரிய பச்சை வண்டு ஒன்றின் சிறகு ஓடு இருந்தது. அதையும் நாங்கள் பொன்வண்டு என்றுதான் சொல்வோம். விபூதி டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். எங்கள் குடும்பம் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்து, திரும்பி, மறுபடியும் இடம்பெயர்ந்த காலத்தில் எத்தனையோ பொருட்கள் போய்விட்டன. அந்த டப்பா எப்படியோ கூடவே வந்தது. அக்கா கல்யாணமாகிச் சித்தாண்டிக்குப் போனபோதும் அந்த ஓடு முதல் நாள் போலவே பச்சையாக மினுங்கியது. காய்ந்துபோன ஓடுதான், ஆனால் நிறம் ஒரு பொட்டும் குறையவில்லை.

அதனால் வண்டின் மினுக்கம் காய்ந்தால் போகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வண்டும் மினுங்குகிறது, இரண்டும் ஒரே சங்கதிதான் என்று எண்ணிக்கொண்டோம்.

ஒரு சொட்டுப் பெயின்ட்

இனித் தட்டிக்கு வருவோம். புளியங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேணுஜா நிற்கிறாள். விடிந்தால் கண்காட்சி.

புதிதாக ஒன்று பிடிக்கலாம் என்று வத்தாளைப் பாத்திக்குப் போனோம். இலை இலையாகப் புரட்டினோம். அடம்பன் கொடியையும் விடவில்லை. அந்த வெயிலில் கொடியெல்லாம் சுருண்டு கிடந்தது. ஒரு வண்டுகூட இல்லை.

திரும்பி வந்தபோது ரஹீம் நானா கருவாட்டுப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டார். வண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுக்குப் போய் அழுவாங்களா? தம்பி, தோணிக்குப் பேர் எழுதின பொன் பெயின்ட் கிடக்குத்தானே? ஒரு சொட்டு வையுங்க. யாருக்குத் தெரியப் போகுது? முதல்ல எப்பிடி இரிந்திச்சோ அப்பிடித்தானே ஆக்கப் போறம். பொய்யா செய்யிறம்?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நான் போத்தலை எடுத்து வந்தேன். மெல்லிய தூரிகையும் இருந்தது. மூடியைத் திறந்து வேணுஜாவிடம் நீட்டினேன். அவளுடைய வண்டு, அவள்தான் சொல்ல வேண்டும்.

தூரிகையை வாங்கினாள். பெயின்டில் தொட்டாள். வண்டுக்கு மேலே கொண்டுபோய் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். தூரிகை நுனியில் சொட்டுத் திரண்டது.

“இதப் பூசினா,” என்றாள், “மறுகா நான் மெய்யாவே புளுகிதானே.”

தூரிகையைப் போத்தலுக்குள் திருப்பி வைத்தாள்.

ரஹீம் நானா பெட்டிக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் பகிடி விடாமல் எங்கள் வீட்டிலிருந்து போனது அன்றுதான்.

அடுப்படியிலிருந்து யோகா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் இருவர் மேலும் எரிச்சல். காலையிலிருந்து வீட்டில் வண்டுப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை.

“கருவாடாக்கினா ஊறப் போட்டுத்தான் கறி வைக்கணும். தூக்கித் தண்ணிக்குள்ள போடு, மெதுவாகட்டும், நான் ஆக்கித் தாறன். தகப்பனும் மகளும் தின்னுங்க.”

சும்மா சொன்ன நையாண்டி. நான் சிரித்தேன். வேணுஜா சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் எடுத்து, உப்பைக் கழுவி, வண்டை அதற்குள் போட்டு, சாமிப் படத்தட்டில் கொண்டுபோய் வைத்தாள். நான் தடுக்கவில்லை. கெடுவதற்கு இனி என்ன இருக்கிறது?

விடிந்து முதலில் எழுந்தது யோகாதான். சாமிக்கு விளக்குக் கொளுத்தப் போனவள் கூப்பிட்ட சத்தத்தில் நாங்கள் இருவரும் ஓடி வந்தோம்.

கிளாசின் அடியில் பொன் கிடந்தது. முன்பிருந்த அளவு இல்லை. ஒரு பக்கம் சற்று மங்கல். ஆனாலும் பொன்தான்.

“நான் கறிக்குத்தான் சொன்னன்,” என்றாள் யோகா.

ஒளி செய்கிற வேலை

இது எப்படி நடந்தது என்று எனக்கு அன்று தெரியாது. பிறகு விஞ்ஞான டீச்சர்தான் விளக்கினார். அவரும் கேட்ட உடனே சொல்லவில்லை. “எனக்கும் சரியாத் தெரியா, பாத்துச் சொல்றன்,” என்று சொல்லி, தேடிப் படித்துவிட்டுத்தான் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு தோணிக்கு வந்தவன். எனக்கு விளங்கிய அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

நிறம் என்றால் பூசியது, அல்லது ஊறியது. அப்படித்தான் நான் எண்ணியிருந்தேன். தோணிக்குப் பெயின்ட், சேலைக்குச் சாயம், மஞ்சளுக்குள் மஞ்சள். ஆனால் பூசாத நிறமும் உண்டு.

எஞ்சின் தோணிகள் கட்டும் இடத்தில் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் சிந்திப் படர்ந்திருக்கும். எஞ்சின் எண்ணெய் கறுப்பு, தண்ணீருக்கு நிறமில்லை. ஆனால் அந்தப் படலத்தில் மயில் கழுத்து நிறமெல்லாம் ஓடும். அந்த நிறம் எங்கிருந்து வந்தது?

வெளிச்சம் எண்ணெயின் மேற்பக்கத்திலும் பட்டுத் திரும்புகிறது. கொஞ்சம் உள்ளே போய் அடிப்பக்கத்திலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் இரண்டும் வழியில் சேர்கின்றன. வாவியில் இரண்டு தோணி கிளப்பிய அலைகள் சந்திப்பதைப் பாருங்கள். மேடும் மேடும் சேர்ந்தால் அலை உயரும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் தண்ணீர் சமமாகிவிடும். வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. இப்படிச் சேரும்போது சில நிறம் உயர்கிறது, சில நிறம் அமர்ந்துபோகிறது. உயர்ந்த நிறம்தான் நம் கண்ணுக்கு வருகிறது.

வண்டின் முதுகு ஓட்டில் எண்ணெய் இல்லை. ஆனால் வெங்காயத் தோல் போல, அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. எல்லாம் சேர்ந்து வரும்போது அது பொன்.

அக்காவின் பச்சை வண்டில் அந்த அடுக்குகள் இறுகிக் காய்ந்து கெட்டியானவை. அதனால் எத்தனை காலமானாலும் பச்சை போகாது. வத்தாளை வண்டில் அடுக்குகளுக்கு இடையே ஈரம் இருக்கிறது. அந்த ஈரம்தான் படலங்களை அந்தந்த இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. ஈரம் போனால் அடுக்குக் குலைகிறது. வெளிச்சம் பொன்னாகத் திரும்பாது. அடியிலுள்ள மண் நிறம்தான் தெரியும்.

தும்பியும் இந்தக் கூட்டம்தான். சித்தாண்டியில் அக்கா வீட்டுக்குப் போனால், அறுவடை முடிந்த வயல் வட்டையில் தும்பிகள் பறக்கும். வெயில் சரியும் நேரத்தில் அவற்றின் சிறகில் பச்சையும் ஊதாவும் ஓடும். ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் வெறும் கண்ணாடித் தாள். நிறத்தைக் காணோம். பிடித்த கையில் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று நான் விரலைப் பார்த்ததும் உண்டு. வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் தூள் ஒட்டும். அந்தத் தூள் ஒவ்வொன்றும் கூரை ஓடு மாதிரி ஒரு செதிலாம். சில நீலப் பூச்சிகளில் அந்தச் செதிலின் அமைப்புத்தான் நீலத்தைத் தருகிறதாம், சாயம் இல்லையாம். நான் பார்த்ததில்லை. டீச்சர் சொன்னார்.

நெத்தலியைப் பற்றியும் கேட்டேன். வலையில் வரும்போது வெள்ளியாய் மினுங்குகிற மீன், காய்ந்தால் ஏன் மங்குகிறது? அதுவும் கிட்டத்தட்ட இதே மாதிரிக் கதைதான், வேறு சரக்கு என்றார். இத்தனை காலம் கருவாடு போட்டும் நான் அதைக் கேட்டதில்லை.

நடு இடம்

அன்று காலை வேணுஜா கிளாசின் வாயைப் பொலித்தீனால் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். நான் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினேன். பள்ளத்தில் விழுந்தபோதெல்லாம் பின்னாலிருந்து, “அப்பா!” என்று ஒரு சத்தம்.

மேசையின் நடு இடம் வெறுமையாக இருந்தது. சதுர்ஷிகாவின் சங்குகள் அதன் ஓரம் வரை வந்து நின்றன. வேணுஜா கிளாசை வைத்தாள். பிள்ளைகள் தலையை விட்டார்கள். பிறகு சதுர்ஷிகா சொன்னாள்:

“தண்ணிக்குள்ள போட்டா என்ட சிப்பியும் மினுங்கும். வெளியில எடு பாப்பம்.”

“வெளியில எடுத்தா காயும். காஞ்சா பொன் போயிரும்.”

“ஆ, பாத்தீங்களா!” சதுர்ஷிகா மற்றவர்களைப் பார்த்தாள். “எடுத்தா போயிருமாம். முதலையும் இப்பிடித்தான், நாம போகக்குள்ள போயித்து.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவோரம் மற்றப் பெற்றோருடன் நின்றேன்.

வேணுஜா கிளாசுக்குள் விரலை விட்டாள். வண்டை எடுத்துச் சட்டை நுனியில் ஒற்றி, சதுர்ஷிகாவின் கையைப் பிடித்து, அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

“பாத்துக்கொண்டிரு. கண்ண எடுக்க ஒண்ணா.”

யன்னலால் கச்சான் காற்று வந்துகொண்டிருந்தது. சதுர்ஷிகாவின் கையில் பொன் இருந்தது. அவள் கையை இப்படியும் அப்படியும் சரித்துப் பார்த்தாள். பச்சை ஓடி மறைந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தாள். பெயின்ட் உரியவில்லை, உரிவதற்குப் பெயின்ட் இல்லை. பிள்ளைகளுக்கு அலுத்துப்போய் ஒவ்வொருவராக அடுத்த மேசைக்குப் போனார்கள். அவள் போகவில்லை.

மங்கத் தொடங்கியது ஓரத்திலிருந்துதான். தண்ணீர் வற்றும் குளம் போல, பொன் நடுவை நோக்கி ஒதுங்கியது. செம்பு நிறமாயிற்று.

“அடியே, போகுதுடி,” என்றாள் சதுர்ஷிகா. “வேணு, போகுது! என்ன செய்ய?”

வேணுஜா ஒன்றும் செய்யவில்லை. கடைசிப் பொட்டும் போய், அந்தக் கையில் ஒரு புளியங்கொட்டை மிஞ்சியது.

அந்த நேரம் பார்த்து, பிந்தி வந்த பையன்கள் இரண்டு பேர் மேசையடிக்கு ஓடி வந்தார்கள்.

“எங்க பொன்வண்டு? இதுவா? இது புளியங்கொட்ட!”

“வாயப் பொத்துங்கடா,” என்றாள் சதுர்ஷிகா. “பொன்னாத்தான் இரிந்திச்சு. இப்பதான் போச்சு. என்ட கையில வச்சு, என்ட கண்ணால கண்டன்.”

“போகா, புளுகி!” என்றான் ஒருவன்.

சதுர்ஷிகா வேணுஜாவைப் பார்த்தாள். வேணுஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சதுர்ஷிகா தன் சங்குகளில் பெரியதை எடுத்தாள். அதற்குள் கிளாசுத் தண்ணீரை ஊற்றி, வண்டை மெல்ல உள்ளே விட்டு, மேசையின் நடுவில் வைத்தாள்.

“ஊறட்டும்,” என்றாள் அந்தப் பையன்களிடம். “பள்ளி விட்ட உடன வாங்கடா. நாங்க ரெண்டு பேரும் இஞ்சதான் நிப்பம்.”